மாடி என்று ஒட்டிய வயர்

மார்ச் 9

மாடியில் குடியிருந்த தையல்காரப் பெண்ணுக்கு அத்தை எழுதுவது.

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நம்பினால் நம்பு.

ஐந்து தடவை போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஆறாவது தடவை அடிக்கவே இல்லை. என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று தம்பி மகன் சொன்னான். இப்படியும் ஒரு வசதி இருக்கிறதா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கடைசியில் பொத்தான் கடைக்காரரைப் பிடித்து உன் புது விலாசத்தை வாங்கினேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. என் வாய்க்கு முன்னால் பாவம் அவர் எவ்வளவு நேரம் தாங்குவார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போய் ஒரு வாரம் ஆகிறது. சாவியை ஜன்னல் மேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். துணி வெட்டுகிற மேசை அப்படியே கிடக்கிறது. அதைச் சுற்றி நன்றாகத் தேடிப் பார்த்தேன், வேறு சாமான் ஒன்றும் விட்டுப் போனதாகத் தெரியவில்லை. மேசையை எடுக்க ஆள் அனுப்பு.

உனக்கு என் மேல் கோபம். எனக்கு உன் மேல் கோபம் இல்லை, வருத்தம்தான். மூன்று வருஷம் அத்தை அத்தை என்று சுற்றி வந்தவள் நீ. வாடகையோடு கரண்டும் சேர்த்துத்தானே பேசினோம்? லைட், மின்விசிறி, தையல் மெஷின், இவ்வளவுதான், இஸ்திரிப் பெட்டி மட்டும் கூடாது என்று முதல் நாளே சொன்னேன். நீயும் தலையாட்டினாய். நாலு மாதமாக யூனிட் ஏறிக்கொண்டே போனபோது நான் உன்னை ஏதாவது கேட்டேனா? தம்பி மகனைத்தான் கூப்பிட்டேன். அவன் வயர்மேன், ஊரார் வீட்டு வயரெல்லாம் அவனுக்குத் தெரியும். மெயின் பெட்டியைத் திறந்து, உள்ளே போகிற ஒவ்வொரு வயருக்கும் ஒரு வளையல் மாட்டினான். எந்த வயர் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது என்று அந்த வளையல் பார்த்து போனுக்குச் சொல்லிவிடுமாம். சமையலறை, படுக்கையறை, தண்ணீர் மோட்டார், வாசல், மாடி என்று சின்னத் தாளில் எழுதி ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினான். மற்றதெல்லாம் சாதுவாக இருந்தது. போனில் மாடியின் கோடு மட்டும் ரம்பத்துப் பல் மாதிரி எழும்பி எழும்பி விழுந்தது. "இது ஏதோ சூடு பண்ற சாமான் அத்தை. சூடானதும் நிக்கும், ஆறினதும் மறுபடி இழுக்கும். இஸ்திரிப் பெட்டியா இருக்கலாம்" என்றான். அவன் சொன்னது அது, நான் சொல்லவில்லை.

நம் வீட்டு வியாழக்கிழமை வேண்டுதல் கூட்டத்தில் நான் உன் பெயரை எடுத்தேனா? கண்ணை மூடிக்கொண்டு பொதுவாகத்தான் வேண்டினேன். அதற்கு நீ பாதியில் எழுந்து போனால் நான் என்ன செய்வேன்? மறுநாள் படிக்கட்டில் நிறுத்தி, இஸ்திரிப் பெட்டி போடவில்லை என்று கடவுள் மேல் சத்தியம் செய்யச் சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். ஒரு வார்த்தை வந்ததா உன் வாயிலிருந்து?

மனசு மாறினால் ஒரு வரி எழுது. மன்னிப்பதற்கு நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தை


மார்ச் 14

வீட்டுக்கார அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. மேசையை எடுக்க மாதக் கடைசியில் வண்டிக்காரர் வருவார்.

எனக்குப் பேச வராது. உங்களுக்கே தெரியும். எழுதியாவது சொல்லிவிடுகிறேன். தைத்த துணியை எல்லாம் மூட்டை கட்டித் தெருமுனை லாண்டரியில் கொடுத்துத்தான் இஸ்திரி போட்டு வாங்கினேன். வாரத்தில் இரண்டு மூட்டை. வாசலில் உட்கார்ந்துகொண்டு அது இறங்குவதையும் ஏறுவதையும் மூன்று வருஷம் பார்த்தவர் நீங்கள். ஒரு தடவை மூட்டைக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கிக்கூட விட்டிருக்கிறீர்கள். பார்த்த கண்ணை விட்டுவிட்டு போனில் தெரிந்த கோட்டை நம்பிவிட்டீர்கள்.

படிக்கட்டில் வைத்துத் திட்டியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். வேண்டுதலுக்கு யார் பதில் சொல்ல முடியும்? கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "இந்தக் கூரைக்குக் கீழ இருந்துகிட்டே அடுத்தவங்க வெளிச்சத்தைத் திருடுற கைக்கு நல்ல புத்தி குடுப்பா" என்றீர்கள். பதினான்கு பேரும் "குடுப்பா" என்று சேர்ந்து சொன்னார்கள். பழக்கத்தில் நானும் சொன்னேன். சொல்லி முடித்துத் தலையைத் தூக்கிய பிறகுதான், முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அந்தப் பதினான்கு பேரில் பெண்கள் விடுதி வார்டன் அம்மாவும் உண்டு. விடுதிப் பிள்ளைகளின் சீருடை ஐந்து வருஷமாக என்னிடம்தான் வருகிறது. என் வருஷத்தில் பாதி அதில்தான் ஓடுகிறது. இந்த வருஷம் கேட்டதற்கு "பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார். அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நீங்கள் மன்னிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

தையல்காரி


ஏப்ரல் 2

என் அருமைப் பெண்ணுக்கு அத்தை எழுதுவது.

உடனே பதில் எழுத நினைத்தேன். முழங்காலுக்கு மருந்து மாற்றினார்கள், அப்புறம் பேனா எழுதவில்லை, அப்புறம் தபால் தலை தீர்ந்துபோயிற்று. என்னமோ போ, நாள் ஓடிவிட்டது.

மேசை எடுக்க வந்த வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபப்படாதே. மேசை இங்கேயே இருக்கட்டுமே, நீயே திரும்பி வந்தால் என்ன? மாடியைச் சுத்தமாகப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். கதவு கிறீச்சிடும் என்பாயே, எண்ணெய் விட்டுவிட்டேன். இஸ்திரிப் பெட்டியும் வைத்துக்கொள். ஒன்று என்ன, இரண்டு வைத்துக்கொள். வாடகை விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிப்பவள் இல்லை என்று உனக்கே தெரியும். போனது போகட்டும். மனுஷன் செய்த கருவிதானே அது, சரியாகவும் சொல்லும், தப்பாகவும் சொல்லும், நமக்கு என்ன தெரியும்? எல்லாம் தெரிந்தவன் மேலே ஒருவன்தான்.

மழை இல்லை. பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். நாற்றம் தாங்கவில்லை.

ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன், கேள். வார்டன் அம்மாவை அவர் விடுதிக்கே போய்ப் பார்த்தேன். இரண்டு பஸ் மாறி, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. "அந்தப் பொண்ணை நான் மனசார மன்னிச்சுட்டேன், நீங்களும் மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "உங்க மனசு யாருக்கு வரும்" என்றார். எல்லாம் சரியாகிவிடும் பார். சீருடைக்குத் துணி எடுத்துவிட்டார்களாம்.

எப்போது வருகிறாய் என்று எழுது.

அத்தை


ஏப்ரல் 7

வீட்டுக்கார அம்மாவுக்கு,

எதற்காக மன்னித்தீர்கள்?

நான் கேட்பது இது ஒன்றுதான். ஆனால் உங்களுக்கு ஒன்று எழுதினால் போதாது என்பதால் இதையும் எழுதுகிறேன். வார்டன் அம்மா போன் செய்தார். முதல் தடவையாக அவரே செய்தார். "அவங்களே பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டாங்க. நீயும் ஒரு தடவை ஒத்துக்கிட்டா உனக்கும் பாரம் குறையும்ல" என்றார். இதுவரை அவருக்குச் சந்தேகம்தான் இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போய் நீங்கள் அதைத் தீர்த்து வைத்துவிட்டீர்கள். திருடாதவளை யாரும் மன்னிப்பதில்லை இல்லையா? சீருடைக்கு வேறு ஒருவரை வரச் சொல்லியிருக்கிறார். மாதக் கடைசியில் முடிவு சொல்வாராம்.

மார்ச்சில் இஸ்திரிப் பெட்டிக்காகச் சத்தியம் கேட்டவர், ஏப்ரலில் இரண்டு பெட்டி வைத்துக்கொள் என்கிறீர்கள். நடுவில் என்ன நடந்தது? நான் தைக்கிறவள். ஒரு துணி எங்கேயாவது இழுத்துக்கொண்டு நின்றால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். உங்கள் கடிதம் "கருவி தப்பாகவும் சொல்லும்" என்கிற இடத்தில் இழுத்துக்கொண்டு நிற்கிறது.

கதவுக்கு எண்ணெய் விட்டதைச் சொல்கிறீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்.

தையல்காரி


ஏப்ரல் 12

பெண்ணே,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நான்காவதில் எழுதுகிறேன். ஒவ்வொரு தாளிலும் முழங்காலில்தான் ஆரம்பித்திருந்தேன். இதில் ஆரம்பிக்கப் போவதில்லை.

நீ போன அன்றே மாடியில் எல்லா சுவிட்சையும் அணைத்துக் கதவைப் பூட்டினேன். மறுநாள் போனைத் திறந்தேன். கரண்ட் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து சந்தோஷப்படலாம் என்றுதான் திறந்தேன். மாடி என்கிற கோடு பல்லுப் பல்லாக அப்படியே எழும்பிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத, பூட்டிய மாடியில்.

முதல் கடிதத்தை உனக்கு எழுதும்போது எனக்கு இது தெரியும். தெரிந்துதான் எழுதினேன். நீ இஸ்திரிப் பெட்டியை எங்கேயோ எரியவிட்டுப் போயிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேசைக்கு அடியில் தேடினேன், பரணில் தேடினேன், கிடைத்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று வேண்டிக்கொண்டுகூடத் தேடினேன்.

மூட்டைக்கு முட்டுக் கொடுத்த கதையை நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்று மெயின் பெட்டியைத் திறந்தேன். மாடி என்று ஒட்டியிருந்த சுவிட்சைக் கீழே தள்ளினேன். மேலே ஏறிப் போய் லைட்டைப் போட்டேன். எரிந்தது. இறங்கி வந்து சமையலறை, படுக்கையறை, வாசல், எல்லாம் பார்த்தேன். எல்லாம் எரிந்தது. வீட்டில் எதுவுமே அணையவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால், அணைந்தும் வெளியே தெரியாத சாமான் ஒன்று இந்த வீட்டில் இருப்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். குளியலறைச் சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டியிருக்கிறேன் இல்லையா, அதை நகர்த்தினேன். பின்னால் கீசர் சுவிட்ச். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

கூட்டத்தில் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். பச்சைத்தண்ணி அத்தை. பன்னிரண்டு வருஷமாக மழையானாலும் குளிரானாலும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் வேண்டுதல் என்று ஒரு விரதம். பதினோரு வருஷம் உண்மையாகவே இருந்தேன், அதையாவது நம்பு. போன மழைக்காலத்தில் கால் வீங்கியது. ஒரு நாள் மட்டும் என்று கீசரைப் போட்டேன். சுடுதண்ணீர் காலில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சுகம். மறுநாளும் ஒரு நாள் மட்டும். தினமும் சுவிட்சைப் போட்டு அணைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, போட்டபடியே விட்டு நாள்காட்டியை மாட்டினேன். குழாயைத் திறந்தால்தானே கரண்ட் எடுக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். குழாய் வேறு சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டச் சொட்ட அது காய்ச்சிக்கொண்டே இருந்திருக்கிறது, பகலும் இரவும்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம்.

தம்பி மகன் வளையல் மாட்டிய அன்று, ஒவ்வொரு சுவிட்சாகத் தள்ளிவிட்டு எது அணைந்தது என்று கேட்பான். நான் அறை அறையாகப் பார்த்துச் சொல்வேன், அவன் எழுதி ஒட்டுவான். ஒரு சுவிட்சுக்கு எதுவுமே அணையவில்லை.

"கீசர் லைன் தனியா இருக்குமே அத்தை, இதுவா?" என்றான்.

"நான் பச்சைத் தண்ணியில குளிக்கிறவ. அந்தக் கீசர் செத்து எத்தனையோ வருஷமாச்சு" என்றேன்.

"அப்ப இது மாடியா?"

"மாடிதான்."

நீ கடைக்குப் போயிருந்தாய். மாடி பூட்டியிருந்தது. போய்ப் பார்க்கவில்லை. அவன் கொட்டை எழுத்தில் மாடி என்று எழுதி ஒட்டிவிட்டான். உன் மாடிக்குப் போகிற வயர் வாசல் லைட்டோடு சேர்ந்தது. வாசல் என்று ஒட்டியிருக்கிறதே, அதுதான் நீ. போனில் மார்ச் மாதத்துக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். காலையில் எழும்பி, நீ மெஷின் ஓட்டுகிற நேரமெல்லாம் லேசாக நடுங்கி, ஒரே மட்டமாகப் போகிற சின்னக் கோடு.

தெரிந்த பிறகாவது வாயைத் திறந்தேனா? இல்லை. அந்தத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். தம்பி மகனைக் கூப்பிட்டு, மாடிதான் காலியாகிவிட்டதே, அந்த வளையலைக் கழற்றிவிடு என்றேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றான், இன்னும் வரவில்லை. அவன் வந்து கழற்றிவிட்டால் சாட்சி போய்விடும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில்தான் வார்டன் அம்மாவைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் பஸ் ஏறினேன். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். வாய் தானாக "மன்னிச்சுட்டேன்" என்றது.

எதற்காக மன்னித்தாய் என்று கேட்கிறாய். நான் செய்ததற்காக உன்னை மன்னித்திருக்கிறேன்.

எனக்கென்று இருப்பது அந்தக் கூட்டம்தான் என்பது உனக்குத் தெரியும். நீ இரக்கப்பட வேண்டும் என்று அதை எழுதவில்லை. எழுதிவிட்டேன், அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

அத்தை


ஏப்ரல் 17

வீட்டுக்கார அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. ஒரு கீசருக்கு என் பெயரை வைத்திருக்கிறீர்கள். அப்புறம் வேலை ஓடவில்லை.

நானும் ஒன்றை எழுதாமல் விட்டேன். சத்தியம் கேட்டபோது ஏன் தலையைக் குனிந்தேன் என்று. இரண்டு தடவை இஸ்திரிப் பெட்டி போட்டிருக்கிறேன். லாண்டரி பூட்டியிருந்த நாளில், கல்யாணத்துக்குப் போகிற ஒரு வாடிக்கையாளரின் துணிக்கு ஒரு தடவை, எனக்கே ஒரு தடவை. இரண்டும் சேர்த்து அரை மணி நேரம் இருக்காது. கடவுள் மேல் என்று நீங்கள் கேட்டபோது அந்த அரை மணி நேரம் ஞாபகத்துக்கு வந்தது. பொய்ச் சத்தியம் செய்ய முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பல்லெல்லாம் என்னுடையது ஆகிவிடும் என்று பயம். வாயை மூடிக்கொண்டேன். மூடியதால்தான் ஆனது.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. இங்கே வந்த பிறகு, அந்த அரை மணி நேரம்தான் இவ்வளவு கரண்ட் எரித்திருக்குமோ என்று நானே பல நாள் யோசித்தேன். கருவி பொய் சொல்லாதே என்று நானும்தான் நம்பினேன். என்னை நானே திருடி என்று நினைத்துக்கொண்டு தைத்த நாட்கள் அவை. அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. எங்கே சொன்னீர்களோ அங்கே சொல்லுங்கள். அதே பதினான்கு பேர் முன்னால். வார்டன் அம்மா இருக்கிற நாளில், அவர் சீருடைக்கு முடிவு சொல்வதற்கு முன்னால். வேண்டுதலாகச் சொல்லாதீர்கள். கண்ணைத் திறந்துகொண்டு அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தையல்காரி


ஏப்ரல் 27

பெண்ணே,

வியாழக்கிழமை சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வேறு யாராவது அழகுபடுத்திச் சொல்லிவிடுவார்கள்.

முதல் நாள் தம்பி மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "பொய் நீங்க சொன்னீங்க அத்தை, ஆனா அதை எழுதி ஒட்டினது என் கை. ஒரு நடை மாடிக்குப் போய்ப் பாத்திருக்கணும்" என்றான். எழுந்து போய்ப் பெயர்களைச் சரியாக எழுதி ஒட்டினான். வளையலைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். உன் இடம் மட்டும் காலி. வேண்டுதல் முடிந்ததும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். பழக்கத்தில் கண் மூடிக்கொண்டது. நீ எழுதியது ஞாபகம் வந்து திறந்தேன். திறந்தால் எவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா? இத்தனை வருஷத்தில் அவர்கள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கீசரைச் சொன்னேன், விரதத்தைச் சொன்னேன், மாடி என்று நான் சொன்ன பொய்யைச் சொன்னேன், அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொன்னேன்.

என்ன ஆயிற்று என்று நினைக்கிறாய்? என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இப்படி ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்றார்கள். பச்சைத் தண்ணீரோ சுடுதண்ணீரோ அத்தை அத்தைதான் என்றாள் ஒருத்தி. வார்டன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். உன்னைப் பற்றி ஒருத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு உள்ளே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதத்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. பொய் சொன்னதைவிட இது.

கையை விடாமலே எழுந்து நின்றேன். எல்லோரையும் குளியலறைக்குக் கூட்டிப்போய் நாள்காட்டியைக் கழற்றிக் காட்டினேன். கூடத்துக்கு வந்து போனைத் திறந்து வார்டன் அம்மா மடியில் வைத்தேன். அவர் மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ வீட்டை விட்டுப் போன தேதியைக் காட்டினேன். அதற்கு அப்புறமும் பல் ஓடுகிறது பாருங்கள் என்றேன்.

"இதைப் பாத்து, என் கீசர்தான்னு தெரிஞ்ச பிறகுதான் உங்க விடுதிக்கு வந்தேன். தெரிஞ்சுகிட்டேதான் அவளை மன்னிச்சுட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன்" என்றேன்.

அவர் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கை விலகிய பிறகுதான் நான் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். செருப்பைத் தேடுகிற சத்தம்தான் கேட்டது.

வாசலில் வார்டன் அம்மா நின்று, "அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒத்துக்கச் சொன்னேனே" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. இந்த வாரக் கூட்டம் வேறு யார் வீட்டிலோ நடக்கப் போகிறதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் இன்னும் சுடுதண்ணீரில்தான் குளிக்கிறேன். குளிக்கும் முன்னால் போடுகிறேன், குளித்ததும் அணைக்கிறேன்.

திரும்பி வா என்று கூப்பிட மாட்டேன். மன்னிப்பு என்கிற சொல்லையும் எழுதப் போவதில்லை, அதை நான் கெடுத்து வைத்திருக்கிறேன். நீ பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை.

அத்தை


மே 9

வீட்டுக்கார அம்மாவுக்கு,

சீருடை வந்துவிட்டது. வார்டன் அம்மாவே துணியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தார். அளவுப் பட்டியலைக் கொடுத்தார். போகும்போது எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் நூல் நிறத்தைப் பற்றிக் கேட்டு அவரை அனுப்பி வைத்தேன்.

வெட்ட மேசை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரர் வருவார். இந்தத் தடவை திருப்பி அனுப்பாதீர்கள்.

நீங்கள் அங்கே சொன்னதற்கு நன்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. என்னுடையதை எனக்குத் திருப்பிக் கொடுத்ததற்கு என்ன எழுதுவது? ஆனால் இரண்டாவது தடவை எழுந்து நின்றீர்களே, அவர்கள் கட்டிப் பிடித்த பிறகு, அதை மட்டும் பல தடவை படித்தேன்.

இங்கே வீட்டுக்காரர் எதையும் கேட்பதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் எரித்துக்கொள், தனி மீட்டர்தானே என்கிறார். இருந்தாலும் சுவிட்சில் கையை வைத்தால் கை ஒரு நொடி நிற்கிறது, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன். பட்டப்பகலில், என் அறையில், என் மெஷினுக்கு. மாலை மங்கிய பிறகும் லைட் போடாமல் தைத்துக்கொண்டிருப்பதை நேற்று பக்கத்து அறைப் பெண் பார்த்துவிட்டு, "கண்ணு கெட்டுப்போகும்க்கா, போட்டுக்கோங்க" என்று சொல்லி அவளே போட்டுவிட்டுப் போனாள்.

நானே போட்டுக்கொள்கிற நாளில் உங்களுக்கு எழுதுகிறேன்.

தையல்காரி